கெயிட்டி அரங்கின் எசமான் ஜார்ஜ் எட்வர்ட்ஸ்

நாடகம் என்றவுடன் நம் மனக்கண்முன் முதலில் வந்து நிற்பவர் நடிகர். அவருக்கு அடுத்தபடியாகக் கதை வகுத்தவரையும் பாட்டு இயற்றியவரையும் நினைக்கிறோம். எந்த வேடத்துக்கு எவரை அமர்த்துவது, எந்தப் பாட்டை வெட்டுவது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று திரைக்குப் பின்னால் நின்று இரவெல்லாம் கணக்குப் போட்டவரை வரலாறு பெரும்பாலும் மறந்துவிடும். இவ்வழக்கத்துக்கு விலக்காக நின்றவர் ஆங்கில நாட்டு ஜார்ஜ் எட்வர்ட்ஸ். அவர் ஒரு பாட்டும் எழுதியவர் அல்லர். ஒரு மெட்டும் அமைத்தவர் அல்லர். நடிகர் என்று பெயர் பெற்றவரும் அல்லர். எனினும் 1890 முதல் 1914 வரை இலண்டன் மாநகரில் கொடிகட்டிப் பறந்த இசை நகைச்சுவை நாடகம் என்னும் கலைவகைக்குத் தந்தை யார் என்று கேட்டால், நாடக வரலாற்றாசிரியர் பலரும் அவர் பெயரையே கூறுவர். ஆண்டுதோறும் சங்க மேடையில் ஒரு நாடகத்தை ஏற்றிவிட அலையாய் அலையும் அன்பர்கள் நம் காலனியில் உளர். அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இவர் கதை சுவை பயக்கும் என்று கருதி ஈண்டு வரைகின்றோம்.

எட்வர்ட்ஸ் 1855-ஆம் ஆண்டில் லிங்கன்ஷயர் மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தார். குடும்பம் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தையார் சுங்க இலாகா உத்தியோகஸ்தர். மகனை இராணுவ அதிகாரியாக்கிவிட வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அதற்கான தேர்வுக்குப் படிக்க வேண்டிய காலத்தில் பிள்ளையாண்டான் டப்ளின் நகரில் தம் உறவினரான கன் சகோதரர்களின் நாடகக் கொட்டகையையே சுற்றிக்கொண்டிருந்தார். படிப்பு நின்றது, கொட்டகை வேலை தொடங்கிற்று. உத்தியோக வர்க்கத்துத் தந்தையர் இத்தகைய செய்தியை எப்படி ஏற்றிருப்பர் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. தம் குடும்பப் பெயரின் எழுத்துக்களில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிக்கொள்ளும் பழக்கமும் அவருக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது. ஒலியில் மாற்றமில்லை, விளம்பரத் தாளில் மட்டும் சற்று எடுப்பாக இருக்கும்.

அக்கன் சகோதரருள் ஒருவரான மைக்கேல் கன், இலண்டனில் கில்பர்ட், சல்லிவன் ஆகிய இருவரின் இசை நாடகங்களை நடத்திவந்த டாய்லி கார்ட் என்பாருக்கு நெருங்கிய கூட்டாளி. அத்தொடர்பால் எட்வர்ட்ஸ் இலண்டன் சேர்ந்து கார்ட்டிடம் வேலைக்கு அமர்ந்தார். 1881-இல் சவாய் அரங்கு திறக்கப்பெற்றபோது அவர் அதன் நிர்வாகத்தில் இருந்தார். முழுவதும் மின்விளக்கால் ஒளிபெற்ற முதல் பொதுக் கட்டிடம் அது. நாடகத்தொழிலை ஒழுங்காக நடத்தும் முறையை எட்வர்ட்ஸ் கற்ற பள்ளிக்கூடமும் அதுவே. நேரம் தவறாத ஒத்திகை, தூய்மையான கொட்டகை, குடும்பத்துடன் வந்தமர்ந்து பார்க்கத்தக்க கதை, நடிகர்க்கு முறையான சம்பளம் ஆகியவை கார்ட்டின் கோட்பாடுகள். மனையாட்டியும் அவருக்கு அங்கேயே வாய்த்தார். அக்கம்பெனியின் நடிகை ஜூலியா கிவினை 1885-இல் அவர் மணந்துகொண்டார்.

அதே ஆண்டில் அவர் வாழ்வு திரும்பிற்று. ஸ்ட்ராண்டு வீதியிலிருந்த கெயிட்டி அரங்கின் முதலாளி ஜான் ஹாலிங்ஸ்ஹெட் எட்வர்ட்ஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே முழுப்பொறுப்பும் எட்வர்ட்ஸ் கைக்கு வந்தது. அங்கு அதுகாறும் நடந்துவந்தவை பகடி நாடகங்கள். பெரிய காவியங்களையும் புகழ்பெற்ற இசை நாடகங்களையும் கேலிக்கூத்தாக்கி, சிலேடை மழை பொழிந்து, பெண்களுக்கு ஆண் வேடமிட்டு ஆடுவார்கள். நெல்லி ஃபாரன், ஃபிரெட் லெஸ்லி என்னும் இருவர் அதன் இரு தூண்கள். எட்வர்ட்ஸ் அப்பகடியைத் தொடர்ந்து நடத்தினார். ஆயினும் பல பாட்டுக்களை அங்குமிங்கும் இருந்து பொறுக்கிச் சேர்க்கும் பழைய வழக்கத்தை மாற்றி, ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிய இசை அமைக்கச் செய்தார்.

இந்நாளில் அவர் ஒரு பெரும் வாய்ப்பைக் கைநழுவ விட்டதையும் சொல்லியாக வேண்டும். 1886 செப்டம்பரில் 'டாரதி' என்னும் இசை நாடகத்தைக் கெயிட்டியில் ஏற்றினார். கூட்டம் சுமாராகவே இருந்தது. இது தேறாது என்று முடிவு கட்டி, தம் கணக்கரான ஹென்றி லெஸ்லிக்கே அதை விற்றுவிட்டார். கணக்கர் நாடகத்தை வேறு அரங்குக்கு மாற்றினார். முக்கிய வேடத்துக்கு மேரி டெம்பெஸ்ட் என்னும் பாடகியை அமர்த்தினார். நாடகம் 931 முறை நடந்தது! கில்பர்ட், சல்லிவன் இருவரின் புகழ்பெற்ற 'மிக்காடோ' 672 முறைதான் முதற்சுற்றில் நடந்தது என்பதை எண்ணினால் இதன் அளவு விளங்கும். வந்த இலாபத்தைக் கொண்டு லெஸ்லி சொந்தமாக ஓர் அரங்கையே கட்டிக்கொண்டார். இந்த இழப்பு எட்வர்ட்ஸுக்கு ஒரு பாடத்தைப் புகட்டியிருத்தல் வேண்டும். பின்னாளில், முதல் இரவில் தடுமாறிய எந்த நாடகத்தையும் அவர் எளிதில் கைவிடவில்லை. காட்சியை மாற்றி, பாட்டை மாற்றி, சில வேளை நடிகரையே மாற்றி, நாடகம் காலூன்றும் வரை போராடினார்.

1891, 1892 ஆகிய ஆண்டுகளில் கெயிட்டியின் தூண்கள் இரண்டும் சாய்ந்தன. நெல்லி ஃபாரன் நோயுற்று மேடையைவிட்டு விலகினார். லெஸ்லி இளமையிலேயே காலமானார். பகடி நாடகத்துக்கு இனி எதிர்காலமில்லை என்று எட்வர்ட்ஸ் உணர்ந்தார். மக்கள் தம் காலத்து மனிதரை, தாம் உடுத்தும் உடையிலேயே மேடையில் காண விரும்புகின்றனர் என்பது அவர் கணிப்பு. 1892-இல் 'இன் டவுன்' என்னும் நாடகத்தை ஏற்றிப் பார்த்தார். அரசர்களும் தேவதைகளும் அதில் இல்லை. இலண்டன் வீதியில் நடமாடும் நாகரிக மனிதரே பாத்திரங்கள். அது நன்கு ஓடவே, அடுத்த ஆண்டில் 'எ கெயிட்டி கேர்ள்' அரங்கேறிற்று. அது 413 முறை நடந்ததோடு அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை சென்று வந்தது.

அந்நாடகத்தின் கதையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் தகும். கெயிட்டி அரங்கில் ஆடும் ஆல்மா என்னும் பெண்ணும் அவள் தோழியரும் இராணுவ அதிகாரிகள் நடத்தும் தோட்ட விருந்துக்கு வருகின்றனர். மேட்டுக்குடிச் சீமாட்டிகளுக்கு அவர்களைக் கண்டாலே வெறுப்பு. வைரச் சீப்பு ஒன்று காணாமற் போகிறது. பழி ஆல்மாவின் மேல் விழுகிறது. பின்னர் உண்மை வெளிப்பட்டு அவள் குற்றமற்றவள் என்று தெரிகிறது. அவளை விரும்பிய அதிகாரியும் அவளும் ஒன்றுசேர்கின்றனர். கதை என்று சொல்ல இவ்வளவே. ஆழம் இல்லை, எதிர்பாராத திருப்பமும் இல்லை. எனினும், மேடையில் ஆடும் பெண்ணைக் கண்டாலே சந்தேகிக்கும் சமூகத்தை நோக்கி, அவளும் மானமுள்ளவளே என்று சொன்ன கதை அது. சிரிக்கச் சிரிக்கச் சொன்னபடியால் அச்சமூகமே காசு கொடுத்து வந்து கேட்டுக்கொண்டது.

1894 நவம்பரில் கெயிட்டியில் 'தி ஷாப் கேர்ள்' தொடங்கிற்று. 546 முறை நடந்தது. பெருங்கடையில் விற்பனைப் பெண்ணாக நிற்கும் ஒருத்தி, தான் அறியாமலே பெருஞ்செல்வத்துக்கு உரியவளாக இருக்கிறாள் என்பது கதை. இக்கதையைப் பார்க்க வந்த மலிவு டிக்கெட்டுக்காரர்களில் உண்மையான கடைப்பெண்களும் குமாஸ்தாக்களும் நிறைய இருந்தனர். தம் தொழிலுக்கும் ஒரு நாடகம் உண்டு என்பதே அவர்க்கு மகிழ்ச்சி. அதற்குப்பின் பெண் என்னும் சொல் தலைப்பில் வாராத நாடகம் அரிது என்னும் அளவுக்கு இலண்டனில் கடைப்பெண், சர்க்கஸ் பெண், நாட்டுப்புறப் பெண் என்று வரிசையாக வந்தன. சிறிது சலிப்பாகத்தான் இருந்திருக்கும்!

எட்வர்ட்ஸின் தொழிற்சாலை எவ்வாறு இயங்கிற்று என்று பார்ப்போம். தொழிற்சாலை என்று நாம் கூறுவது இகழ்ச்சியாக அன்று. அவ்வளவு பேர் ஒரு நாடகத்தில் கைவைத்தனர். கதையை ஒருவர் எழுதுவார்; பாட்டை இருவர் எழுதுவர்; இசையை ஒருவர் அமைக்க, இடையிடையே செருகும் பாட்டுக்களை மற்றொருவர் அமைப்பார். அக்குழுவினர் ஒவ்வொருவரும் விந்தையான மனிதர். பாட்டெழுதிய ஏட்ரியன் ராஸ் என்பவர் உண்மையில் ஆர்தர் ரோப்ஸ் என்னும் பெயருடைய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வரலாற்று அறிஞர். கல்லூரி மானம் கருதிப் புனைபெயரில் ஒளிந்துகொண்டார். இசையமைத்த ஐவன் கேரில் பெல்ஜியம் நாட்டவர். இயற்பெயர் ஃபெலிக்ஸ் டில்கின். லயனல் மாங்க்டன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். பத்திரிகை விமரிசகராகவும் இருந்தவர். வசனம் எழுதிய ஓவன் ஹால் என்பவரும் சட்டம் படித்தவரே. எல்லோர்க்கும் கடன்பட்டவன் என்று ஆங்கிலத்தில் பொருள்படும்படி அமைந்த புனைபெயர் அது. தம் கடன் நிலையைத் தாமே கேலி செய்துகொண்டார். ஹாரி கிரீன்பாங்க் என்னும் இளம் பாட்டாசிரியர் 1899-இல் 33 வயதிலேயே மறைந்தார். அவர் தம்பி பெர்ஸி தமையனார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இத்தனை பேரையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் கட்டிமேய்த்த திறமே எட்வர்ட்ஸின் திறம். எது எடுபடும், எது எடுபடாது என்பதை அவர் செவி உடனே சொல்லிவிடும். இசை இலக்கணம் கற்றவர்க்கு ஏன் என்று விளக்கம் கூற அவரால் இயலாமற் போகலாம். ஆனால் அவர் வெட்டச் சொன்னது பெரும்பாலும் வெட்டத்தக்கதாகவே இருந்தது. நாடகம் ஆறு திங்கள் ஓடியபின் புதுப் பாட்டுக்களும் புது உடைகளும் சேர்த்து இரண்டாம் பதிப்பு என்று விளம்பரம் செய்வார். பார்த்தவர்களே மறுமுறையும் வருவர். அரங்கில் பணிபுரிந்தோர் அனைவரும் அவரைக் 'கவ்னர்' என்று அழைத்தனர். எசமான் என்னும் நம் சொல்லுக்கு நெருங்கிய சொல் அது. அச்சமும் அன்பும் சரிபாதியாகக் கலந்தது.

கெயிட்டிப் பெண்கள் என்று உலகமெங்கும் பேசப்பட்டவர்களைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். குழுவாக நின்று பாடும் பெண்களை அதுவரை எந்த முதலாளியும் பொருட்படுத்தியதில்லை. எட்வர்ட்ஸ் அவர்களுக்குப் பாட்டு, நடனம், உச்சரிப்பு ஆகியவற்றில் பயிற்சி அளித்தார். இலண்டனின் முதல்தரத் தையற்கலைஞரைக் கொண்டு உடை தைத்தார். மேடையில் அவர்கள் அணிந்த உடையைப் பார்த்து அடுத்த பருவத்துக்குத் தமக்கு உடை தைத்துக்கொள்ளச் சீமாட்டிகளே முன்வரிசையில் வந்து அமர்ந்தனர். ஸ்ட்ராண்டு வீதியிலிருந்த ரொமானோ உணவு விடுதியில் தம் நடிகைகளுக்குப் பாதி விலையில் உணவு கிடைக்கவும் எட்வர்ட்ஸ் ஏற்பாடு செய்திருந்தார். அதனால் நடிகைகளின் வயிறும் நிறைந்தது. அவர்களைக் காண வந்த கூட்டத்தால் விடுதியின் கல்லாவும் நிறைந்தது. கெயிட்டிக்கோ செலவில்லாத விளம்பரம். மூவர்க்கும் நன்மை பயக்கும்படி கணக்குப் போடுவதில் அவர் வல்லவர்.

இப்பெண்களுள் சிலர் பிரபு குடும்பங்களில் மணமுடித்தனர். ரோஸி பூட் என்னும் நடிகை 1901-இல் ஹெட்ஃபோர்ட் பிரபுவை மணந்தபோது உயர்குடியில் எழுந்த சலசலப்பு சிறிதன்று. பிராட்ஃபோர்டு நகரத்து ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, கெயிட்டியின் முதன்மை நட்சத்திரமாகி, மாங்க்டனை மணந்து, அவர் மறைவுக்குப் பின் 1924-இல் டட்லி பிரபுவின் மனைவியான ஜெர்ட்டி மில்லரின் வாழ்வு, எட்வர்ட்ஸ் ஏற்றிய எந்த நாடகத்தினும் விந்தையானது. எனினும் பத்திரிகைகள் எழுதியதுபோல் ஒவ்வொரு கெயிட்டிப் பெண்ணும் சீமாட்டி ஆகிவிடவில்லை. ஓரிருவருக்கு மாலை விழுந்தது. பெயர் தெரியாத பலர் சில ஆண்டுகள் ஆடிவிட்டு வேறு வேலை தேடிச் சென்றனர்.

எட்வர்ட்ஸைப் புகழ்வதோடு நின்றுவிட நமக்கு விருப்பமில்லை. கெயிட்டியில் பெண்களின் மதிப்பை உயர்த்திய அவரே லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் என்னும் வேடிக்கை அரங்கின் நிர்வாக இயக்குநராகவும் இருந்தார். அங்கு இருக்கைகளுக்குப் பின்னால் உலாவும் கூடம் ஒன்று உண்டு; மதுவும் கிடைக்கும்; ஆண்களை வலைவீசும் பெண்கள் அங்கு உலவுவது ஊரறிந்த செய்தி. 1894-இல் லாரா ஆர்மிஸ்டன் சாண்ட் என்னும் சீர்திருத்தப் பெண்மணி அரங்கின் உரிமத்தைப் புதுப்பிக்கலாகாது என்று இலண்டன் நகரக் கவுன்சிலில் முறையிட்டார். கூடத்தைத் திரையிட்டு மறைக்கவும் அங்கு மது விற்பதை நிறுத்தவும் கவுன்சில் ஆணையிட்டது. எட்வர்ட்ஸ் சில நாள் அரங்கையே மூடிவிட்டார். நூற்றுக்கணக்கான ஊழியர்களின் பிழைப்பைக் காட்டிப் பொதுமக்களின் இரக்கத்தைத் தேடினார். நவம்பரில் திரை கட்டித் திறந்த முதல் சனிக்கிழமையே வாலிபர் கூட்டம் ஒன்று அத்திரையைக் கிழித்தெறிந்தது. அக்கூட்டத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர் இராணுவக் கல்லூரி மாணவரான வின்ஸ்டன் சர்ச்சில்! சாண்ட் அம்மையாரைப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. இன்று நோக்குமிடத்து, அவர் எழுப்பிய வினாவுக்கு எட்வர்ட்ஸிடம் நேரான விடை இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இனி, அவருடைய இரண்டாம் அரங்குக்கு வருவோம். லெஸ்டர் சதுக்கத்தருகே 1893-இல் அமெரிக்கரான ஆகஸ்டின் டேலியின் பெயரால் திறக்கப்பெற்ற டேலிஸ் அரங்கு சில ஆண்டுகளில் எட்வர்ட்ஸின் கைக்கே வந்து சேர்ந்தது. கெயிட்டியில் கலகலப்பு, டேலிஸில் சற்று உயர்ந்த இசையும் காதற்கதையும் என்று அவர் பிரித்துக்கொண்டார். 1896 ஏப்ரலில் சிட்னி ஜோன்ஸ் இசையமைத்த 'தி கெய்ஷா' அங்கு அரங்கேறி 760 முறை நடந்தது. ஜப்பானியத் தேநீர் விடுதி ஒன்றில் நிகழ்வதாக அமைந்த கதை. அது ஐரோப்பா முழுவதும் பரவிற்று. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1899-இல் வெளியிட்ட 'நாய்க்காரச் சீமாட்டி' என்னும் புகழ்பெற்ற சிறுகதையில், காதலன் காதலியைத் தேடி அவளுடைய சிறு நகரத்துக்குச் செல்கிறான். அவளை அவன் மீண்டும் காணும் இடம் 'கெய்ஷா' நாடகத்தின் முதல் இரவில்தான். இலண்டனில் பிறந்த நாடகம் மூன்றே ஆண்டுகளில் ரஷ்யச் சிற்றூர் வாழ்க்கையின் இயல்பான செய்தியாகிவிட்டது.

அதன்பின் சீனத்தைக் களமாகக் கொண்ட 'ஸான் டாய்' 1899-இல் தொடங்கி 768 முறை நடந்தது. கீழ்நாட்டுக் கதை என்றால் பணம் என்று எட்வர்ட்ஸ் கண்டுகொண்டார். அந்த வரிசையில் 1904 மார்ச்சில் வந்ததுதான் 'தி ஸிங்கலீ'. களம் இலங்கை. வெரெக்கர் என்னும் ஆங்கிலத் துரையின் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்யும் நானோயா என்னும் சிங்களப் பெண்ணிடம் துரைக்குக் காதல். அவளோ குழந்தைப் பருவத்திலேயே ஓர் உள்நாட்டுப் பிரபுவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். கறுப்பு முத்து ஒன்று காணாமற் போக, சம்புத்தி ராம் என்னும் வக்கீல் அதைத் தேடி அலைவது நகைச்சுவைப் பகுதி. இரண்டாம் அங்கம் கண்டி ஏரிக்கரையில் ஓர் அரண்மனை. மாங்க்டனின் இசையில் இது 365 முறை நடந்தது.

தமிழர் என்ற முறையில் இந்நாடகத்தைப் பற்றி நாம் ஒரு சொல் கூறாமல் இருக்கவியலாது. 1904-இல் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற ஏழை மக்கள் இலட்சக்கணக்கில் லயன் அறைகளில் அடைந்து கிடந்தனர். டேலிஸ் அரங்கில் பட்டுடுத்து ஆடிய தோட்டத்துப் பெண்ணுக்குச் சிங்களப் பெயர். வக்கீலுக்கோ வடநாட்டுப் பெயர். அரங்கில் அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் இப்பொருத்தமின்மையை அறிந்திருப்பர்? அவர்கள் அன்று மாலை அருந்திவிட்டு வந்த தேநீரில் பெரும்பகுதி இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்ததே. எட்வர்ட்ஸ் தீய நோக்கத்தோடு இதைச் செய்தார் என்று கூறமாட்டோம். கீழ்நாடு என்பது அவருக்கு வண்ணத் திரைச்சீலை. அதன் முன்னால் ஆங்கிலக் காதலும் ஆங்கிலச் சிரிப்பும் நடைபெறும். அக்காலத்து இலண்டன் நம் நாடுகளைப் பார்த்த பார்வை அவ்வளவே.

அந்நாடகங்கள் நம் நாட்டுக்கும் வந்தன. எட்வர்ட்ஸின் நாடகங்களைக் கீழ்த்திசையில் நடத்தும் உரிமையைப் பெற்ற மாரிஸ் பாண்ட்மன் என்பவர், ஜிப்ரால்டர் தொடங்கி ஜப்பான் வரை கப்பலேறித் தம் குழுக்களை ஊர் ஊராக அனுப்பிவந்தார். கல்கத்தாவில் 1908-இல் எம்பயர் அரங்கை அமைத்தவர் அவரே. பம்பாயில் ஜஹாங்கீர் கரக்கா என்னும் பார்ஸிச் செல்வரோடு சேர்ந்து ராயல் ஆப்பரா ஹவுஸ் எழக் காரணமானவரும் அவரே. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கிவைத்த அவ்வரங்கு, பின்னாளில் திரைப்படக் கொட்டகையாகி, 1993-இல் மூடப்பட்டு, பழுது பார்க்கப்பெற்று 2016-இல் மீண்டும் திறந்தது. இலண்டனில் எட்வர்ட்ஸின் காலத்தில் கெயிட்டிக்கும் டேலிஸுக்கும் இருந்த அழகை ஓரளவேனும் கண்ணால் காண விரும்பும் அன்பர்கள் மும்பை செல்லும்போது அதன் உட்கூடத்தைப் பார்த்து வரலாம்.

1903-இல் வீதியை அகலப்படுத்துவதற்காகப் பழைய கெயிட்டியை இடிக்க நேர்ந்தது. ஜூலை 4-ஆம் நாள் அங்கு இறுதி ஆட்டம் நடந்தது. ஆல்ட்விச் முனையில் புதிய கெயிட்டி எழுந்து, அக்டோபர் 26-ஆம் நாள் 'தி ஆர்கிட்' நாடகத்தோடு திறந்தது. ஏழாம் எட்வர்டு மன்னரும் அரசியாரும் நேரில் வந்திருந்தனர். இராணுவத் தேர்வைக் கைவிட்டு ஓடிய பிள்ளையின் கொட்டகைக்கு மன்னரே வந்தார்.

எனினும் தொழில் முன்போல் எளிதாக இல்லை. அவரிடம் பயின்ற சிலரே போட்டி அரங்குகளுக்குச் சென்றனர். பழைய பாணி நாடகங்கள் சில தோற்றன. அந்நிலையில் எட்வர்ட்ஸ் வியன்னா நகரை நோக்கினார். ஃபிரான்ஸ் லெஹார் இசையமைத்து 1905 டிசம்பரில் அங்கு அரங்கேறிய இசை நாடகத்தை வாங்கி, 'தி மெர்ரி விடோ' என்னும் பெயரில் 1907 ஜூன் 8-ஆம் நாள் டேலிஸில் ஏற்றினார். அவர் செய்த பாத்திரத் தேர்வு இசைவாணர்களைத் திடுக்கிடச் செய்தது. நாயகன் வேடத்துக்கு ஜோசஃப் காயின் என்னும் அமெரிக்க நகைச்சுவை நடிகர். அவருக்குப் பாட வராது! நாயகி லில்லி எல்ஸி; மெல்லிய குரலுடையவர், பெரிய வேடம் தாங்கிப் பழக்கமில்லாதவர். பாட்டைப் பேசிவிடு என்று காயினுக்கு எட்வர்ட்ஸ் சொல்லிக்கொடுத்தார். லெஹார் இலண்டன் வந்து ஒத்திகையைப் பார்த்தபோது, நாயகனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி அவரைச் சமாளித்ததாகக் கூறுவர். முதல் இரவில் லெஹாரே வாத்தியக் குழுவை நடத்தினார். நாடகம் 778 முறை நடந்தது. எல்ஸி அணிந்த அகன்ற தொப்பி இலண்டன் பெண்டிர் தலைகளில் எல்லாம் ஏறிற்று. நாயகன் பாடாமலே வெற்றிபெற்ற அந்த இசை நாடகம், எட்வர்ட்ஸின் துணிச்சலுக்குச் சான்றாக நாடக உலகில் பல்லாண்டு பேசப்பட்டது.

அத்துணிச்சலுக்கு மற்றொரு முகமும் உண்டு. எட்வர்ட்ஸ் பெருஞ்சூதர். குதிரைப் பந்தயமும் சீட்டாட்டமும் அவரைப் பற்றிக்கொண்டிருந்தன. அவருடைய 'ஸான்டோய்' என்னும் குதிரை 1901-இல் ஆஸ்காட் தங்கக் கோப்பையை வென்றது. வென்ற நாளைப் பெருமையாகப் பேசுவர். தோற்ற நாட்களின் கணக்கு மானேஜரின் பேரேட்டில்தான் இருக்கும். ஒரு நாடகத்தில் வந்த இலாபம் அடுத்த நாடகத்தின் உடைக்கும் காட்சிக்கும் சென்றது. மிச்சம் பந்தயத்திடலுக்குச் சென்றது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அவரை நம்பியிருந்தன. நடிகர், வாத்தியக்காரர், தையற்காரர், விளக்குப் போடுபவர் என அத்தனை பேர்க்கும் வாரந்தோறும் சம்பளம் தந்த பெட்டிக்கு அடித்தளம் அவ்வளவு உறுதியாக இல்லை. ஊர்ச் சுற்றுக்குச் சென்ற குழுக்களைச் சேர்த்துக் கணக்கிட்டால், அவர் தலையிலிருந்த பாரம் எந்தச் சூதனையும் நடுங்கச் செய்திருக்கும். அவர் நடுங்கியதாகத் தெரியவில்லை.

1912 இறுதியில் ஹிப்போட்ரோம் அரங்கில் 'ஹலோ, ராக்டைம்' என்னும் ஆட்டம் வந்தது. அமெரிக்கத் துள்ளிசை இளைஞர்களைக் கவர்ந்துவிட்டது; கெயிட்டியின் மென்மையான மெட்டுக்கள் பழையனவாகிவிட்டன. எட்வர்ட்ஸின் உடலும் தளர்ந்தது. 1914 கோடையில் சிகிச்சைக்காக ஜெர்மனியிலுள்ள பாட் நவ்ஹைம் என்னும் மருத்துவ நீருற்று நகருக்குச் சென்றிருந்தார். ஆகஸ்டில் போர் மூண்டது. எதிரி நாட்டவர் என்று ஜெர்மானியர் அவரைத் தடுத்து வைத்தனர். சின்னாட்களில் விடுதலை பெற்று ஊர் திரும்பினாரேனும், பழைய எசமானாக அவர் திரும்பவில்லை. 1915 அக்டோபர் 4-ஆம் நாள், அறுபதாம் வயதை எட்டும் தறுவாயில், இலண்டனில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கணக்கிட்டபோது பெருங்கடனே எஞ்சிற்று. இருபதாண்டு இலண்டனைச் சிரிக்கவைத்தவரின் குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்காரர் பட்டியல். டேலிஸ் அரங்கின் பொறுப்பை அவருடைய பழைய பாடகர் ராபர்ட் ஈவெட் ஏற்றுக்கொண்டார். போர்க்காலம், இரவில் வான்வழிக் குண்டு அச்சம், ஆண் நடிகர்கள் போர்முனைக்குப் போய்விட்டனர். அந்நிலையில் 1917 பிப்ரவரி 10-ஆம் நாள் 'தி மெய்ட் ஆஃப் தி மவுண்டன்ஸ்' என்னும் நாடகத்தை ஈவெட் ஏற்றினார். ஜோஸி காலின்ஸ் என்னும் பாடகி மலைக் கொள்ளைக்காரரிடையே வளர்ந்த பெண்ணாக வந்து பாடினார். விடுமுறையில் ஊர் வந்த சிப்பாய்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தனர். 1,352 முறை நடந்த அந்நாடகத்தின் வருவாயிலிருந்து எட்வர்ட்ஸ் பட்ட கடன் தீர்க்கப்பட்டது. அவர் உயிரோடிருந்தபோது ஏற்றிய எந்த நாடகமும் அத்தனை முறை நடந்ததில்லை.

டேலிஸ் அரங்கு 1937-இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுத்த ஆண்டு திரைப்படக் கொட்டகை எழுந்தது. கெயிட்டி 1939-இல் மூடப்பட்டு, போரில் சிதைந்து, 1956-ஐ ஒட்டி இடித்துத் தள்ளப்பட்டது.